கதவுல தெரியுற பதினாலு

இல்லண்ணா, நீங்க சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. மூணாவது மாடி, கடைசி ரூம், ஜன்னல் கிடையாது, எல்லாம் இதேதான். கதவுல ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்துத் தயங்க வேண்டாம். சோதனை நடக்கிறது, பெட்டியைத் தொடாதீர்கள்னு அது மூணு வருஷமா அப்படியே ஒட்டிக் கிடக்கு. போன வருஷமும் அதைக் காட்டித்தானே சர்வீஸுக்கு வந்த உங்களை வாசலோட திருப்பி அனுப்புனாரு எங்க ப்ரொஃபசர்? அதுக்கு முந்தின வருஷமும். நான் அப்போ அந்தத் தொட்டிகிட்ட நின்னு பிளாஸ்க் கழுவிக்கிட்டிருந்தேன். நீங்க என்னைப் பார்த்திருக்க மாட்டீங்க. இந்த ரூம்ல யாரும் என்னைப் பார்த்ததில்ல, அதை விடுங்க.

வாங்க, உள்ள வாங்க. பையை அந்த ஸ்டூல் மேல வையுங்க. அவரு ஊர்ல இல்ல, திங்கக்கெழமை காலையிலதான் வர்றாரு. இன்னிக்கு வியாழன். இந்தக் குளிர்ப் பெட்டிக்குப் பொறுப்புன்னு ரெஜிஸ்டர்ல என் பேருதான் இருக்கு, இதோ பாருங்க, இன்னும் யாரும் கோடு போட்டு அடிக்கல. மறந்துட்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சாவியை ஆபீஸ்ல குடுத்துட்டு நான் கெளம்பிடணும். ஆமா, ஒரேயடியா. நாலு வருஷம் பிஹெச்டி பண்ணிட்டு வெறுங்கையோட. ஏன்னு கேக்காதீங்க. இல்ல, கேளுங்க. கேட்டாத்தானே சொல்ல முடியும்? நீங்க பாட்டுக்குப் பின்பக்கத் தகட்டைக் கழட்டுங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன்.

பதினாலு டிகிரி செட் பண்ணியிருக்கு, டிஸ்ப்ளேலயும் பதினாலு காட்டுது, இதுல என்ன கோளாறுன்னுதானே யோசிக்கிறீங்க? அதுதாண்ணா கோளாறே. உள்ள இருக்கிறது ஒம்பது. இதைச் சொன்னதுக்குத்தான் என்னை வெளிய அனுப்புறாங்க. நம்ப முடியுதா? திருடல, பொய் சொல்லல, யாரையும் அடிக்கல. ஒம்பதை ஒம்பதுன்னு சொன்னேன்.

கொஞ்சம் எட்டி உள்ள பாருங்க. முன்வரிசையில இருக்கிற பிளாஸ்க் பதினெட்டும் பாசி. வீட்டுத் தண்ணித் தொட்டியில படியுமே, அந்த ஜாதி இல்ல. மலை மேல பனி உருகி நிக்கிற ஒரு ஏரியில இருந்து வந்தது. குளிரைத் தாங்குறது வேற, குளிரை விரும்புறது வேற. இது விரும்புற ரகம். நாலு டிகிரின்னா இதுக்குக் கொண்டாட்டம். எட்டு, ஒம்பது வரைக்கும்கூட நல்லாவே வளரும். பன்னெண்டைத் தாண்டினா தாங்காது. எப்படின்னா, நீங்க ஃப்ரிட்ஜ் வேலை பார்க்கிறவரு, உங்களுக்குச் சட்டுனு புரியும். ஃப்ரிட்ஜ்ல வெண்ணெய வச்சா கல்லாயிடுது, எண்ணெய வச்சா அப்படி ஆகுறதில்ல. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் ஒரு கொழுப்புத் தோல் இருக்கு, அது வெண்ணெய் பக்கம். இந்தப் பாசியோடது எண்ணெய் பக்கம். அதனாலதான் ஐஸ் தண்ணியிலயும் விறைக்காம இளக்கமா இருக்கு. ஆனா சூடு ஏறினா அதே தோல் அளவுக்கு மீறி இளகி, ஒழுக ஆரம்பிச்சுடும். உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய. இன்னொண்ணு, சூடு கூடக்கூட இதுக்குப் பசி கூடுது. வெளிச்சத்தைப் பிடிச்சுத் தனக்குச் சாப்பாடு பண்ணிக்கிற வேகம் அந்த அளவுக்குக் கூடாது. கடைசியில தன்னையே தின்னு தீர்த்துக்கும்.

இதுல ஒரு கள்ளத்தனம் வேற இருக்கு. சூடு ஏறின உடனே சாகாது. மொதல் நாள், ரெண்டாம் நாள் முன்னவிட வேகமா வளரும். பச்சை அப்படியே தளதளன்னு கூடும். பார்க்கிறவன் ஆகா, ஒத்துக்கிச்சுய்யான்னு துள்ளுவான். மூணாம் நாள்தான் தெரியும் சேதி.

எங்க ப்ரொஃபசர் என்ன சொல்றாரு தெரியுமா, நான் இதைச் சூட்டுக்குப் பழக்கிட்டேங்கிறாரு. மாசத்துக்கு ஒரு டிகிரி. நாலு, அஞ்சு, ஆறுன்னு குழந்தையைக் கையப் பிடிச்சு மாடிப்படி ஏத்துற மாதிரி ஏத்தி, பதினாலுக்குக் கொண்டாந்துட்டாராம். பார்த்துக்கோங்க, குளிர்ப் பாசியே சூட்டுக்குப் பழகிடுது, ஏரியெல்லாம் சூடானா குடியா முழுகிப்போகும்னு கட்டுரை எழுதி, மேடை மேடையாப் பேசி, பொன்னாடையா வாங்கிக் குவிச்சாச்சு. கேக்கிறவங்களுக்கும் அது இனிப்பாத்தானே இருக்கும்? எல்லாரும் நிம்மதியாத் தூங்கலாம். பழகிடும்! அந்த மனுஷனுக்கு எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான் பதில். ரூம்ல காத்தே இல்ல சார்னா, பழகிடும்மா. ஞாயித்துக்கெழமையும் வரச் சொல்றீங்களே சார்னா, பழகிடும்மா. நான் எழுதின பக்கத்துல என் பேரு இல்லையே சார்னதுக்கும் அதேதான் சொன்னாரு.

இருங்க, அந்த ஸ்க்ரூ துருப்பிடிச்சிருக்கு, இந்த எண்ணெயக் கொஞ்சம் விடுங்க.

எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, அதுக்கு எங்கம்மாவைச் சொல்லணும். அம்மா நர்ஸ். தடுப்பூசி மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜ் அவங்க பொறுப்பு. அந்த ஃப்ரிட்ஜ் கதவுலயும் பளிச்சுன்னு நம்பர் தெரியும், அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. ஒரு சின்ன பாட்டில்ல தண்ணி ஊத்தி, அதுக்குள்ள தெர்மாமீட்டரை முக்கி, மருந்துக்குப் பக்கத்துலயே நிக்க வச்சிருப்பாங்க. காலையிலயும் சாயங்காலமும் அதைப் பார்த்துத்தான் எழுதுவாங்க. கதவுல தெரியுறது ஃப்ரிட்ஜ் தன்னைப் பத்தி நெனச்சுக்கிறதுடீ, மருந்துக்கு என்ன தெரியுதுன்னு பாட்டிலைத்தான் கேக்கணும்னுவாங்க. நானும் அதே பழக்கத்துல, ஒரு பிளாஸ்க்ல வெறும் தண்ணி ஊத்தி, தெர்மாமீட்டரைப் போட்டு, பாசிக்கு நடுவுல வச்சேன். அப்போ கதவுல பதினொண்ணு. தண்ணியில ஆறு.

மொதல்ல தெர்மாமீட்டர்தான் தப்புன்னு நெனச்சேன். ஐஸ் தண்ணியில வச்சுப் பார்த்தேன், கரெக்டா சைபர் காட்டுது. பக்கத்து லேப்ல இன்னொண்ணு கேட்டு வாங்கி வச்சேன், அதுவும் ஆறு. மேல் தட்டு ஆறு, நடுத் தட்டு ஆறு, கீழ் தட்டு ஆறு. நாப்பத்திரெண்டு நாள் எழுதினேண்ணா. கதவுல ஏத்துறாங்க, உள்ளயும் ஏறுது, ஆனா எப்பவும் அஞ்சு டிகிரி பின்னாடியேதான் வருது. பாசி பழகவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது பாட்டுக்குத் தனக்குப் பிடிச்ச குளிர்ல சொகுசா உக்காந்திருக்கு.

வாரக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னேன். தனியாச் சொல்லியிருக்கலாம், சரி, ஒத்துக்கிறேன். ஆனா ஏன் தனியாச் சொல்லணும்? தப்பு பொதுவுல நடக்குது, திருத்தம் மட்டும் காதோட காதா நடக்கணுமா? அவரு நோட்டை வாங்கிப் புரட்டினாரு. தண்ணிக்குள்ள தெர்மாமீட்டரை எங்க கத்துக்கிட்டன்னாரு. அம்மாகிட்டன்னேன். அம்மா என்ன பண்றாங்கன்னாரு. சொன்னேன். உடனே ஒரு சிரிப்பு. ஏம்மா, இது என்ன ஆஸ்பத்திரியா, பாசிக்கு ஜுரமான்னு பார்க்கிறதுக்கு? அம்மாவை வரச் சொல்லு, பாசி கையை நீட்டுதான்னு கேட்டு ஒரு ஊசியும் போட்டுட்டுப் போகட்டும்னாரு. ரூமே சிரிச்சுது. மொதல்ல சிரிச்சது யாரு? எங்க லேப்ல ஒருத்தன் இருக்கான், நாங்க தலையாட்டின்னு கூப்பிடுவோம், அவன்தான். சார் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ஆட்ட ஆரம்பிச்சுடுவான்.

அம்மா இருபத்தாறு வருஷம் அந்த ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கிட்டவங்கண்ணா. ஒரு மருந்துகூடக் கெட்டதில்ல.

மறுநாள் என் தண்ணி பிளாஸ்க் தொட்டியில கவுந்து கிடந்துச்சு. மூணு மாசத்துல கட்டுரை வெளிய வந்துச்சு. தண்ணி மாத்துனது நான், மைக்ரோஸ்கோப்புல ஒவ்வொண்ணா எண்ணுனது நான், படம் போட்டது நான். பேரு தலையாட்டியோடது. கடைசி வரியில, ஆய்வுக்கூடத் தூய்மைக்கு உதவியவர்களுக்கு நன்றின்னு இருந்துச்சு. அது நானாம்.

சும்மா இருப்பேனா? ஆறு பக்கத்துக்குப் புகார் எழுதினேன். மூணு பேர் விசாரிக்க வந்தாங்க. இதோ நீங்க நிக்கிற இதே எடத்துல நின்னு டிஸ்ப்ளேயைக் குனிஞ்சு பார்த்தாங்க. பதினாலுதானேம்மா காட்டுதுன்னாங்க. உள்ள ஒரு தெர்மாமீட்டரை வச்சுப் பாருங்கன்னு கெஞ்சினேன். கதவைத் திறந்தா சோதனை கெட்டுப்போயிடும்னாரு அவரு. அப்படியான்னு மூணு பேரும் ஒரு அடி பின்னால போயிட்டாங்க. ஏதோ உள்ள பாம்பு இருக்கிற மாதிரி. அப்புறம் அவரு ரூம்ல போய் பிஸ்கட் தின்னுட்டு, புகார் கூறியவர் எளிதில் உணர்ச்சிவசப்படுபவர்னு எழுதிட்டுப் போனாங்க. ஆமா, உணர்ச்சிவசப்படுறேன். வயிறு எரியுது. எரிஞ்சாலும் ஒம்பது ஒம்பதுதானே? எனக்குக் கோபம் வந்ததால அது பதினாலாயிடுமா? வழிகாட்டியுடன் ஒத்துப்போகாத போக்குன்னு போட்டு, இந்த மாசத்தோட என் பதிவை ரத்து பண்ணிட்டாங்க.

என்னண்ணா, நிறுத்திட்டீங்க? கெடைச்சுதா?

எங்க, டார்ச்சை இப்படிப் பிடிங்க. அய்யோ. கிளிப் ஒடஞ்சு, சென்சார் தொங்கி, லைட்டோட சோக் மேல சாஞ்சு கிடக்கு! தொட்டுப் பாருங்க, சோக் சுடுதா? சுடும், சுடாம என்ன? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி லைட் மாத்தினாங்க, அப்போ இடிச்சிருக்காங்க. இத்தனை நாளா இந்தப் பெட்டி அந்த சோக்குக்குத்தான் ஜுரம் பார்த்துக்கிட்டிருந்திருக்கு! அது சுடுது சுடுதுன்னு சொல்லச் சொல்ல, இது உள்ள குளிரைப் போட்டுக்கிட்டே இருந்திருக்கு. சிரிக்காதீங்கண்ணா. இல்ல, சிரிங்க, பரவாயில்ல, நானும்தான் சிரிக்கிறேன். உலகம் பூரா கை தட்டுச்சே, அந்தப் பதினாலு இந்த ஒடஞ்ச பிளாஸ்டிக் துண்டு. அதைக் குப்பையில போடாதீங்க, உறையில போட்டு ரிப்போர்ட்டோட பின் பண்ணிடுங்க.

புது கிளிப் வச்சிருக்கீங்களா? அப்போ நடுத் தட்டுல, பிளாஸ்குக்குப் பக்கத்துலயே மாட்டிடுங்க. எங்க மாட்டணும்னு கம்பெனி போட்டிருக்கோ அங்கேயே. நான் புதுசா ஒண்ணும் கேக்கல பாருங்க. ஒரு நம்பரையும் மாத்தல, ஒரு ஸ்விட்சையும் திருப்பல. சர்வீஸ் தேதியில சர்வீஸ்காரர் வந்தாரு, கழண்டதை மாட்டினாரு. இதுல தப்பு எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க.

பிளாஸ்கையெல்லாம் வெளிய எடுத்து வைக்கவா? வேண்டாம் வேண்டாம். இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். எடுத்தா வரிசை கலைஞ்சிடும்.

ம். ஆமாண்ணா. சரியாத்தான் கணக்குப் போடுறீங்க. இனிமே கதவுல பதினாலுன்னா உள்ளயும் பதினாலு. ராத்திரிக்குள்ள ஏறிடும். நாளைக்குப் பச்சை கூடும். சனிக்கெழமை வந்து தலையாட்டி கண்ணாடி வழியாப் பார்ப்பான், கதவைத் திறக்க அவனுக்கு அனுமதி கிடையாது. பார்த்துட்டு, சார், பிரமாதமா இருக்கு சார்னு ஃபோன் போடுவான். ஞாயித்துக்கெழமை ஒழுக ஆரம்பிக்கும். திங்கக்கெழமை காலையில பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி, ஒரு கலங்கல் மஞ்சள்ல பதினெட்டு பிளாஸ்க் நிக்கும். அன்னிக்குத்தான் அவருக்குத் தனியா ஒரு ஆராய்ச்சி மையமே கட்டித் தரலாமான்னு பார்க்க அஞ்சு பேர் வர்றாங்க. அவரும் ஸ்டேஷன்ல இருந்து நேரா இங்கதான். அவரு கையாலயே கதவைத் திறந்து காட்டுவாரு. வாரத்துக்கு ரெண்டு தடவை கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பார்ப்பாரு, நானே பார்த்திருக்கேன். அந்தக் கை அப்படியே பாதியில நிக்கும் பாருங்க, அதை நெனச்சுத்தாண்ணா நான் இந்த மாசம் பூரா ஓட்டினேன்.

இந்த ரிப்போர்ட்டே போதுமே, இதைக் கொண்டுபோய்க் காட்டினா நியாயம் கெடைச்சிடுமேங்கிறீங்க. நல்ல மனசு உங்களுக்கு. ஆறு பக்கம் குடுத்தேனே, என்ன கெடைச்சுது? சென்சார் நேத்துதான் கழண்டுச்சுன்னுவாரு. கிளிப் என் கையாலதான் ஒடஞ்சுதுன்னுவாரு. பேப்பர் என்ன சொன்னாலும் அவருக்கு எதிர்ப்பேச்சு இருக்கு. செத்துக் கிடக்கிற பதினெட்டு பிளாஸ்குக்கு என்ன எதிர்ப்பேச்சு இருக்கு?

உங்க மேல பழி போடுவாருன்னு பயமா? போடட்டுமே! அதைத்தான் நான் ஒரு வாரமா யோசிச்சேன். மெக்கானிக் வந்து கெடுத்துட்டான்னு கத்துவாரு. உடனே அந்த அஞ்சு பேர்ல ஒருத்தராவது கேப்பாரு இல்ல, முன்னாடி எத்தனை டிகிரி இருந்துச்சு? பதினாலு. இப்போ? பதினாலு. அப்புறம் எப்படிய்யா செத்துச்சு? உங்களைத் திட்டணும்னா, முன்னாடி பெட்டிக்குள்ள பதினாலு இல்லைன்னு அவரு வாயாலயே சொல்லணும். வேற வழியே இல்ல. அதனால ரிப்போர்ட்ல தெளிவா எழுதுங்க. வரும்போது டிஸ்ப்ளே பதினாலு, போகும்போது டிஸ்ப்ளே பதினாலு. பெரிய எழுத்துல.

செத்துப்போச்சுன்னா மறுபடி ஏரிக்குப் போய்ப் பிடிச்சிட்டு வந்துடுவாரேன்னு கேக்கறீங்களா? போகட்டுமே. போன கோடையில நானே போனேன், என் செலவுல. ரெண்டு நாள் ஏத்தம். கரையில உக்காந்து காலை விட்டேன், ஜில்லுனுகூட இல்ல. பன்னெண்டரை டிகிரி. நூத்திப்பத்து சாம்பிள் எடுத்துட்டு வந்து ஒரு மாசம் மைக்ரோஸ்கோப்புல கண்ணை வச்சுக்கிட்டு உக்காந்தேன். தண்ணி பச்சையாத்தான் இருக்கு. ஆனா எல்லாம் சாதாரணத் தொட்டிப் பாசி. இது ஒண்ணே ஒண்ணுகூட இல்ல. ஏரி இதைப் பழக்கல பாருங்க, ஆளையே மாத்திடுச்சு. அதையும் அவர்கிட்ட சொன்னேன். உனக்குத் தேடத் தெரியலன்னாரு.

வேற யார்கிட்டயும் கிடையாது. மூணு நாட்டுல இருந்து லெட்டர் போட்டுக் கேட்டாங்க, ஒரு சொட்டு அனுப்புங்கன்னு. அவரு யாருக்கும் குடுக்கல. குடுத்தா அவங்க சோதிச்சுப் பார்த்துடுவாங்கல்ல.

கொஞ்சமாவது எடுத்து வச்சிருப்பீங்களேம்மான்னா... இருந்துச்சுண்ணா. எப்பவும் இருக்கும். அந்த மூலை ஃப்ரிட்ஜ்ல, நாலு டிகிரியில, மூல வித்து மாதிரி பன்னெண்டு டியூப். நான்தான் பார்த்துக்கிட்டேன். காலையில எடுத்து இதுக்குள்ள வச்சுட்டேன். பின்வரிசையில, ஒரு சின்ன ஸ்டாண்டு தெரியுது பாருங்க.

கையை எடுங்கண்ணா. வேண்டாம். கேளுங்க நான் சொல்றதை. ஒரு டியூப் மிஞ்சினாலும் அவருக்குப் போதும். ரெண்டே மாசத்துல பதினெட்டு பிளாஸ்க் ஆக்கிடுவாரு. சென்சாரை மறுபடி சோக் மேல சாய்ச்சுவிட ஒரு நிமிஷம் ஆகுமா? விபத்து நடந்துச்சு, இதோ பாருங்க மறுபடி பதினாலுல வாழுதுன்னு மேடை ஏறிடுவாரு.

தெரியும். அது என்ன பாவம் பண்ணுச்சுன்னு கேக்கறீங்க. ஒண்ணும் பண்ணல. நாலு வருஷம் நான் மாத்துன தண்ணியிலதான் இருந்துச்சு. அதனாலதான் நீங்க வர்றதுக்கு முன்னாடியே மாத்தி வச்சுட்டேன், யாராவது பக்கத்துல நின்னு பார்த்திருந்தா வச்சிருக்க மாட்டேன். ஸ்டாண்டைத் தூக்கிட்டு ரெண்டு தடவை திரும்பக் கீழ வச்சேன். டியூப்லாம் ஜில்லுனு இருக்கு, அதான்னு நெனச்சுக்கிட்டேன்.

கதவைச் சாத்துங்கண்ணா. கையெழுத்து எங்க போடணும், இங்கயா?